ஆறு கால் உண்டு, நடக்கத் தெரியாது!

இந்த வாரம் தட்டானைப் பற்றிச் சொல்லப் போகிறேன். உடனே, பவுன் விலை இறங்கப் போகிறதா, பழைய அட்டிகையை அழித்துப் புதிதாகச் செய்யச் சொல்லலாமா என்றெல்லாம் சகோதரிகள் ஆவலோடு நிமிர்ந்து உட்கார வேண்டாம். நான் சொல்லுவது நகை செய்யும் தட்டானை அல்ல. மழை விட்ட வெயிலில், மொட்டை மாடியில் துணி உலர்த்தும் கொடியின் மேல் வந்து உட்காருகிறதே, அந்தத் தட்டானை! ஆனால் நகை விஷயத்தில் இதுவும் ஒன்றும் குறைந்ததல்ல. கெம்பு, பச்சை, நீலம், கோமேதகம் என்று எல்லாக் கற்களின் நிறமும் அதன் உடம்பிலேயே இழைத்திருக்கிறது. கூலி கிடையாது, சேதாரமும் கிடையாது.

தட்டான், தட்டாரப் பூச்சி, தும்பி என்று ஊருக்கு ஒரு பெயர் சொல்லி இதை அழைக்கிறோம். சங்கப் பாடல்களில் வரும் தும்பி வேறு. அது பூவுக்குப் பூ தாவித் தேன் தேடும் வண்டு. நம்முடைய தட்டானுக்குத் தேன் பிடிக்காது. பூவின் மேல் உட்கார்ந்தாலும் வழியில் இரை ஏதாவது வருகிறதா என்று பார்க்கத்தான் உட்காருகிறது. அது சுத்த அசைவம்!

மலையாளத்திலும் தும்பி என்றுதான் பெயர். ஓணப் பண்டிகைச் சமயத்தில் வருகிறதை ஓணத்தும்பி என்றும், துலா மாதத்தில் கூட்டம் கூட்டமாக வருகிறதைத் துலாத்தும்பி என்றும் அருமையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். துலாத்தும்பியைப் பற்றிப் பிறகு வருகிறேன். அது பெரிய ஆசாமி. கடல் கடந்து போய் வருகிறது.

தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்று பாட்டிமார் சொல்லி, மாடியில் காயும் வடாத்தை அவசரம் அவசரமாக எடுக்கச் சொல்வார்கள் அல்லவா? மழைக்கு முன்னால் சின்னஞ்சிறு பூச்சிகள் தரையை ஒட்டிப் பறக்கின்றன, அவற்றைப் பிடிக்கத் தட்டானும் கீழே இறங்குகிறது என்று இதற்குக் காரணம் சொல்கிறார்கள். மழை வந்தால் வந்தது, வராவிட்டால் வடாம் இன்னொரு நாள் காய்ந்துவிட்டுப் போகிறது.

இந்தக் குடும்பத்தில் இரண்டு கிளைகள் உண்டு. தடித்த உடம்பும், தலை முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கும் பெரிய கண்களும் கொண்டு, உட்காரும்போது சிறகுகளை ஆகாய விமானம் போல விரித்து வைத்துக்கொள்வது தட்டான். ஊசி போல மெலிந்த உடம்போடு, இரண்டு கண்களும் தலையின் இரண்டு ஓரத்திலும் தனித் தனியாக ஒதுங்கியிருக்க, உட்காரும்போது சிறகுகளைப் புத்தகத்தை மூடுவது போல முதுகின் மேல் சேர்த்து மூடிக்கொள்வது ஊசித் தட்டான். இனிமேல் எங்கே பார்த்தாலும் இந்த ஒரு அடையாளத்தை வைத்துக் குழந்தைகளுக்குச் சொல்லிவிடலாம்.

உலகத்தில் இரண்டு கிளையும் சேர்ந்து 6,000-க்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. இந்தியாவில் மட்டும் சுமார் 500. இவற்றை முதன் முதலில் ஒழுங்காகக் கணக்கெடுத்து எழுதியவர் ஒரு டாக்டர். லெப்டினண்ட் கர்னல் பிரேஸர் என்ற ஆங்கிலேயர், ராணுவ வைத்தியராக நம் தென்னாட்டில் உத்தியோகம் பார்த்தவர். ஓய்வு நேரத்தில் தட்டான் பிடித்துப் பிடித்து, 1933, 1934, 1936 ஆகிய வருஷங்களில் மூன்று பெரிய புத்தகங்கள் வெளியிட்டார். இன்றைக்கும் ஆராய்ச்சிக்காரர்கள் அவற்றைப் புரட்டாமல் இருப்பதில்லை.

நம் வயல்வெளிகளில் மஞ்சள் வாலோடு பறக்கும் ஊசித் தட்டான் ஒன்று உண்டு. 1798-ல் அதற்கு லத்தீனில் பெயர் வைத்த பப்ரீஷியஸ் என்ற டென்மார்க் தேசத்துப் பண்டிதர், கோரமண்டலம் என்ற சொல்லையே அதில் சேர்த்துவிட்டார். கோரமண்டலம் என்பது வேறு ஒன்றும் இல்லை. நம் சோழ மண்டலக் கரைதான். ஒரு விரல் நீளம் கூட இல்லாத பூச்சி, சோழ நாட்டின் பெயரைச் சுமந்துகொண்டு உலகத்துப் புத்தகங்களில் எல்லாம் உலா வருகிறது!

* * *

இதன் சாமர்த்தியத்தைக் கொஞ்சம் கேளுங்கள்.

ஆறு கால் உண்டு. ஆனால் தரையில் நாலு அடி நடக்கச் சொன்னால் தெரியாது. பின்னே கால் எதற்கு? பறக்கும்போது ஆறு காலையும் முன்பக்கமாகக் குவித்து, முள் நிறைந்த ஒரு கூடை போல வைத்துக்கொள்ளும். கொசுவோ ஈயோ அந்தக் கூடையில் விழுந்தால் தீர்ந்தது. உட்கார்ந்து இலை போட்டுச் சாப்பிடும் வழக்கம் எல்லாம் கிடையாது. சின்ன இரையானால் பறந்துகொண்டே சாப்பாடு முடிந்துவிடும்.

சிங்கமும் புலியும் துரத்துகிற இரையில் பெரும்பாலானவை தப்பித்துவிடுகின்றன. தட்டான் குறி வைத்தால் 100-க்கு 90-க்கு மேல் சிக்கிவிடுகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். காரணம், அது இரையின் பின்னால் ஓடுவதில்லை. இரை இன்னும் சற்று நேரத்தில் எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டு, அந்த இடத்துக்கு நேராகப் போய் நிற்கிறது. பஸ்ஸின் பின்னால் ஓடாமல், குறுக்குச் சந்தில் புகுந்து அடுத்த நிறுத்தத்தில் போய் ஏறிக்கொள்ளும் கெட்டிக்காரர் போல!

கண் ஒவ்வொன்றும் ஒரே கண் அல்ல. பெரிய தட்டான்களுக்கு ஒரு கண்ணில் 30,000 வரை சிறு கண்கள் அடங்கியிருக்கின்றன. முன்னும் மேலும் பக்கவாட்டிலும் ஒரே சமயத்தில் தெரியும். பின்னால் வந்து மெதுவாக வாலைப் பிடிக்க நினைக்கும் பையன் பல தடவை ஏமாறுவது இதனால்தான்.

சிறகுகள் நாலு. நாலையும் தனித் தனியாக இஷ்டப்படி ஆட்ட முடியும். அதனால் அந்தரத்தில் அப்படியே நிற்கும், சட்டென்று பக்கவாட்டில் திரும்பும், தேவையானால் பின்னுக்கும் நகரும். சிறகின் நுனியருகில் ஒரு சிறிய கறுப்புப் பொட்டு இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? அது அழகுக்கு வைத்த திருஷ்டிப் பொட்டு அல்ல. வேகமாகப் பறக்கும்போது சிறகு படபடவென்று நடுங்கிக் கிழியாமல் இருக்க, அங்கே கொஞ்சம் கனம் வைத்திருக்கிறது.

வெயில் கொளுத்தும் நடுப்பகலில் சில தட்டான்கள் குச்சியின் நுனியில் உட்கார்ந்து, வாலைச் சூரியனை நோக்கிச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டிருக்கும். சர்க்கஸ் அல்ல அது. உடம்பில் வெயில் படும் பரப்பைக் குறைக்க அதற்குத் தெரிந்த வழி. குடை இல்லாதவர் வேறு என்ன செய்வார்?

இவ்வளவு வித்தையும் நேற்று இன்று கற்றதல்ல. பிரான்ஸ் தேசத்தில் கொமாந்த்ரி என்ற ஊர் நிலக்கரிச் சுரங்கத்தில் 1880-ல் ஒரு பாறைப் பதிவு கிடைத்தது. தட்டானுக்குத் தூரத்துப் பாட்டன் முறை. சுமார் 30 கோடி வருஷத்துக்கு முந்தியது. சிறகை விரித்தால் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை இரண்டடிக்கும் மேல்! அந்தக் காலத்தில் மொட்டை மாடியும் வடாமும் இல்லாமல் போனது நம் பாக்கியம்.

* * *

இதுவரை சொன்னதெல்லாம் தட்டானின் கடைசி அத்தியாயம். பலருக்குத் தெரியாத சங்கதி இதுதான். பறக்கும் தட்டானின் ஆயுள் சில வாரங்கள்தான். அதற்கு முன்னால் அது வாழ்ந்த காலம் பெரிது. வாழ்ந்த இடம் தண்ணீருக்கு அடியில்.

தாய்த் தட்டான் குளத்தின் மேல் பறந்து வாலின் நுனியால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் போகும். விளையாட்டு என்று நினைக்கிறோம். அது முட்டை இடுகிறது. ஊசித் தட்டான் இன்னும் பொறுப்பு மிக்கது. நீர்ச் செடியின் தண்டைக் கீறி, ஒவ்வொரு முட்டையாக உள்ளே செருகி வைக்கும். சில இனங்களில் தாய், தண்டைப் பற்றிக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே இறங்கிவிடும். உடம்பைச் சுற்றி ஒட்டியிருக்கும் காற்றை வைத்துக்கொண்டே அரை மணி நேரம் கூட முழுகியிருந்து முட்டைகளைப் பத்திரப்படுத்திவிட்டு மேலே வரும்.

முட்டையிலிருந்து வரும் குஞ்சைப் பார்த்தால் இதுவா தட்டான் ஆகப்போகிறது என்று தோன்றும். சேற்று நிறம், சிறகு இல்லை, அழகும் இல்லை. ஆனால் தண்ணீருக்குள் அது புலிக்குட்டி. கீழுதட்டை ஒரு அகப்பை போல மடித்து முகத்தின் அடியில் வைத்திருக்கும், நுனியில் கொக்கி. இரை பக்கத்தில் வந்தால் கண் இமைப்பதற்குள் அந்த அகப்பை நீண்டு இரையைக் கவ்வி வாய்க்குக் கொண்டுவந்துவிடும். கொசுப் புழு என்றால் பட்சணம் மாதிரி. பெரிய குஞ்சுகள் தலைப்பிரட்டையையும் மீன் குஞ்சையும் கூட விடுவதில்லை.

அது மூச்சு விடும் விதம் இன்னும் வேடிக்கை. தட்டான் குஞ்சுக்குச் செவுள் இருப்பது குடலின் கடைசிப் பகுதியில். தண்ணீரைப் பின்பக்கமாக உள்ளே இழுத்து, அதிலிருந்து பிராணவாயுவை எடுத்துக்கொண்டு வெளியே விடுகிறது. ஆபத்து வந்தால் அதே தண்ணீரை வேகமாகப் பீச்சி அடித்து, ஜெட் விமானம் போல முன்னால் பாய்ந்து தப்பிக்கிறது. மனிதன் ஜெட் விமானம் கண்டுபிடித்துப் பெருமையடித்துக்கொள்வதற்கு எத்தனையோ கோடி வருஷம் முன்பே அதற்கு இந்த வித்தை தெரியும். ஊசித் தட்டான் குஞ்சுக்கு மட்டும் வால் நுனியில் இலை போன்ற மூன்று செவுள்கள் வெளியிலேயே இருக்கும்.

இப்படிச் சில மாதங்கள், குளிர் தேசங்களில் சில வருஷங்கள், பத்துப் பன்னிரண்டு தடவை சட்டையுரித்து வளர்ந்த பிறகு, ஒரு நாள் இரவிலோ விடியற்காலையிலோ குஞ்சு ஒரு நாணல் தண்டைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை விட்டு மேலே ஏறுகிறது. அசையாமல் நிற்கிறது. முதுகுத் தோல் வெடிக்கிறது. உள்ளேயிருந்து தலை, மார்பு, கால் என்று ஒவ்வொன்றாக வெளிவருகிறது. ஈரத் துணியைப் பிழிந்து வைத்தாற்போல் சுருண்டு கிடக்கும் சிறகுகளுக்குள் உடம்பின் திரவம் பாய, அவை மெல்ல மெல்ல விரிந்து கண்ணாடி போல் ஆகின்றன. அந்த ஒன்றிரண்டு மணி நேரம் அதற்குப் பறக்கவும் முடியாது, ஓடவும் முடியாது. காக்கையோ பல்லியோ பார்த்துவிட்டால் அத்தனை மாதப் பாடும் வீண். தப்பினால் வெயில் ஏறியதும் பறந்துபோகிறது. தண்டில் ஒட்டியிருக்கும் வெறும் சட்டைதான் மிச்சம்.

* * *

குடும்ப விஷயத்துக்கு வருவோம். சகோதரிகள் கேட்காமல் விடமாட்டார்கள்.

குளக்கரையில் இரண்டு தட்டான்கள் ஒன்றன் பின் ஒன்றாகச் சேர்ந்து பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் போவது ஆண். வால் நுனியில் உள்ள இடுக்கியால் பெண்ணின் தலையை, ஊசித் தட்டானானால் கழுத்தை, பிடித்துக்கொண்டு போகிறது. நம் ஊரில் கழுத்தில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு விட்டுவிடுகிறார்கள். அங்கே கழுத்தையே விடுவதில்லை! பல இனங்களில் பெண் முட்டை இட்டு முடிக்கும் வரை ஆண் கூடவே இருந்து காவல் காக்கிறது.

"ஆகா, என்ன பாசம்! எங்கள் வீட்டிலும் இருக்கிறாரே, காய்கறிக் கடைக்குக் கூடத் துணைக்கு வரமாட்டார்" என்று யாரும் பெருமூச்சு விட வேண்டாம். 1979-ல் ஜோனதன் வாகே என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதன் ரகசியத்தை வெளியிட்டார். ஊசித் தட்டான் ஒன்றை ஆராய்ந்தபோது, பின்னால் வருகிற ஆண் முன்னால் வந்தவனுடைய வித்தை அகற்றிவிட்டுத்தான் தன் சந்ததிக்கு வழி செய்கிறது என்று கண்டார். ஆகவே காவல் என்பது பாசத்தினால் அல்ல. சொத்துக்கு வாரிசு மாறிவிடக்கூடாதே என்ற கவலையினால்.

பெண்ணும் லேசுப்பட்டதல்ல. ஓயாமல் துரத்தும் ஆண்களின் தொல்லை தாங்காமல், சில ஊசித் தட்டான் இனங்களில் பெண்களில் ஒரு பகுதி ஆணைப் போலவே நிறம் பூண்டு பிறக்கின்றன. ஆண் என்று எண்ணி மற்ற ஆண்கள் ஒதுங்கிப் போகின்றன. இந்த இனங்களில் ஒன்று நம் ஊர்க் குளங்களிலேயே சாதாரணமாக இருக்கிறது.

எல்லாவற்றையும் தூக்கி அடிக்கும் சாமர்த்தியம் ஒன்று ஸ்விட்சர்லாந்து தேசத்து மலைக் குளங்களில் நடக்கிறது. அங்கே உள்ள ஒரு பெரிய தட்டான் இனத்தில் ஆண் காவல் காப்பதில்லை. பெண் தனியாக வந்து முட்டை இட வேண்டும். வேலை முடிந்து திரும்பும்போது ஆண் துரத்தினால், பெண் பறந்துகொண்டிருந்தபடியே சடக்கென்று தரையில் விழுந்து, மல்லாந்து, செத்த மாதிரி கிடக்கிறது. துரத்தியவன் சற்று வட்டமிட்டுவிட்டுப் போய்விடுகிறான். அவன் போனதும் அம்மாள் எழுந்து புறப்பட்டுவிடுகிறாள்! ரஸீம் கெலீபா என்ற ஆராய்ச்சியாளர் இதைப் பல தடவை கண்ணால் பார்த்து 2017-ல் எழுதினார். மாலையில் திடீர் விருந்தாளி வரும்போது தலைவலி என்று படுத்துக்கொள்ளும் வித்தை நமக்கு மட்டும் சொந்தம் என்று இனி சொல்ல முடியாது.

* * *

துலாத்தும்பியைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேனே!

ஐப்பசி மாதத்தை ஒட்டி, மைதானத்தின் மேலும் வீட்டு மாடியின் மேலும் மஞ்சள் நிறத் தட்டான்கள் நூற்றுக் கணக்கில், உட்காராமல், இங்குமங்கும் பறந்துகொண்டே இருக்கும். சார்லஸ் ஆண்டர்ஸன் என்ற கடல் ஆராய்ச்சியாளர் 1983-ல் மாலத்தீவுக்குப் போய்க் குடியேறினார். வருஷா வருஷம் அக்டோபர் மாதத்தில் இந்தத் தட்டான்கள் அங்கே லட்சக் கணக்கில் வந்து இறங்குவதைப் பார்த்தார். மாலத்தீவில் குளம் குட்டை என்று சொல்லத்தக்க நல்ல தண்ணீர் அநேகமாக இல்லை. அங்கே பிறந்திருக்க முடியாது. பின்னே எங்கிருந்து வருகின்றன? பல வருஷம் தேதி குறித்துக்கொண்டே வந்து, 2009-ல் தம் முடிவை வெளியிட்டார். இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வருகின்றன. மாலத்தீவில் இளைப்பாறிவிட்டு ஸெஷல்ஸ் தீவுகள் வழியாக ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்குப் போகின்றன. அடுத்த தென்மேற்குப் பருவக் காற்றோடு அவற்றின் சந்ததிகள் திரும்புகின்றன என்பது அவர் முடிவு. ஆயிரம் மீட்டருக்கும் மேலே ஏறி, அங்கே வீசும் காற்றின் முதுகில் சவாரி செய்துகொண்டு போகின்றனவாம்.

போக வர 14,000 முதல் 18,000 கிலோமீட்டர் வரை ஆகும் என்பது அவர் கணக்கு. எடை அரைக் கிராம் கூடத் தேறாத ஒரு பூச்சி! இந்தப் பயணம் முழுவதையும் ஒரே தட்டான் செய்வதில்லை. வழியில் மழை பெய்து தேங்கிய இடத்தில் முட்டை இட்டுவிட்டு அது முடிந்துபோகும். இதன் குஞ்சுகள் மட்டும் ஆறேழு வாரத்திலேயே வளர்ந்துவிடும். அவை சிறகு முளைத்து மேலே பயணத்தைத் தொடரும். நாலு தலைமுறை சேர்ந்து இந்த யாத்திரையை முடிக்கின்றன. கொள்ளுப் பாட்டி புறப்பட்ட பிறந்தகத்துக்கு, யாரும் வழி சொல்லாமல், கொள்ளுப் பேத்தி வந்து சேருகிறாள்.

* * *

"எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் வீட்டுக் கொசுவை இது ஒழிக்குமா, ஒழிக்காதா? அதைச் சொல்லும்" என்று ஒரு சகோதரி கேட்பது காதில் விழுகிறது.

பர்மாவில், ரங்கூன் என்று நாம் சொல்லி வந்த யாங்கோன் நகரத்தில், வீடுகளில் தண்ணீர் சேமித்து வைக்கும் தொட்டிகளில் டெங்கு பரப்பும் கொசு பெருகியது. அங்கிருந்த விஞ்ஞானிகள், அந்த வீட்டுக்காரர்களின் ஒத்துழைப்போடு, தொட்டி தோறும் தட்டான் குஞ்சுகளை மாதா மாதம் விட்டார்கள். நம் ஊர்க் குளங்களிலும் சாதாரணமாகக் காணும் சிவப்புத் தட்டானின் குஞ்சுகள்தான் அவை. இரண்டு மூன்று வாரத்தில் தொட்டிகளில் கொசுப் புழு அநேகமாக அற்றுப்போயிற்று. சுமார் ஆறு வாரத்தில் பறக்கும் கொசுவும் வெகுவாகக் குறைந்தது. இந்த விவரம் 1990-ல் பத்திரிகையில் வெளியாயிற்று.

ஆனால் இதை நம்பிக்கொண்டு நாளைக்கே தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து வைத்துவிடாதீர்கள்! அங்கே ஆராய்ச்சிக்காரர்கள் குஞ்சுகளை வளர்த்துக் கொண்டுவந்து விட்டார்கள். தானாக வந்து தட்டான் நம் அண்டாவில் குடியேறாது. டெங்குக் கொசு முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். பெரும்பாலான தட்டான் குஞ்சுகளுக்கு மாதக் கணக்கில் ஆகும். ஆகவே வீட்டுக்குள் உள்ள பானை, தொட்டி, பூந்தொட்டித் தட்டு, மாடியில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர் எல்லாம் உங்கள் இலாகா. மூட வேண்டியதை மூடி, கொட்ட வேண்டியதைக் கொட்டி, வாரம் ஒரு முறை உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவினால்தான் பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும் கொசு முட்டை போகும். வீட்டுக்கு வெளியே உள்ள குளம், குட்டை, ஏரி, வயல் ஆகியவை தட்டானின் இலாகா. அந்த இலாகாவில் நாம் அடிக்கடி தலையிட்டு வேலையைக் கெடுக்கிறோம் என்பதுதான் வருத்தம்.

எப்படியென்றால், கோயில் குளத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று தரையிலும் கரையிலும் சிமிட்டி பூசி, ஒரு புல் பூண்டு இல்லாமல் செய்துவிடுகிறோம். ஊசித் தட்டான் முட்டை வைக்கத் தண்டு வேண்டும். குஞ்சு ஏறி வந்து சட்டையுரிக்க நாணல் வேண்டும். குப்பையை வாருவது புண்ணியம். ஓரத்தில் இரண்டு பிடி நாணலையும் அல்லியையும் விட்டு வைப்பது அதைவிடப் புண்ணியம்.

அடுத்தது பூச்சி மருந்து. தண்ணீரில் கொட்டும் விஷத்துக்குக் கொசு என்றும் தட்டான் என்றும் வித்தியாசம் தெரியாது. இரண்டும் சாகின்றன. பத்து நாளில் கொசு திரும்பி வந்துவிடும்; தட்டான் திரும்ப மாதங்கள் ஆகும். இடைக்காலத்தில் கொசுவைக் கேட்பார் இல்லை.

இன்னொன்று, நாம் தெரியாமலே செய்கிற கொடுமை. பளபளக்கும் மோட்டார்க் காரின் மேல் தட்டான் வந்து வாலைத் தட்டித் தட்டிப் போவதைப் பார்த்திருக்கிறீர்களா? தண்ணீரிலிருந்து பிரதிபலிக்கும் ஒளியில் ஒரு தனிக் குணம் உண்டு. அதை வைத்துத்தான் அது குளத்தை அடையாளம் காண்கிறது. காரின் பளபளப்பிலும், மெருகேற்றிய கறுப்புக் கல்லிலும் அதே குணம் இருக்கிறது என்று ஹங்கேரி தேசத்து விஞ்ஞானிகள் பரிசோதித்துக் கண்டார்கள். பாவம், குளம் என்று நம்பி வெயிலில் கொதிக்கும் தகரத்தின் மேல் முட்டைகளை வைத்துவிட்டுப் போகிறது. பக்கத்தில் நிஜக் குளம் ஒன்று இருந்தால் சில முட்டையாவது பிழைக்கும்.

2021 டிசம்பரில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் உலகத்துத் தட்டான்கள் எல்லாவற்றையும் முதல் தடவையாக ஒருசேரக் கணக்கெடுத்து வெளியிட்டது. ஆராய்ந்த 6,016 இனங்களில் 100-க்கு 16 அழியும் அபாயத்தில் இருக்கின்றன. முக்கிய காரணமாக அவர்கள் சொன்னது, சதுப்பு நிலங்களும் நீர்நிலைகளும் மறைந்து வருவதை. நம் சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் கட்டடமும் குப்பையும் ஏறி ஏறிச் சுருங்கியதை அறிவீர்கள். 2022-ல் அதற்குச் சர்வதேச முக்கியத்துவம் உள்ள இடம் என்ற ராம்ஸார் பட்டம் கிடைத்தது. பட்டம் கிடைத்த பிறகாவது மிச்சமிருப்பதைக் காப்பாற்ற வேண்டும்.

* * *

முடிவாக ஒரு சொந்த வேண்டுகோள். பள்ளிக்கூட விடுமுறையில் வீட்டுப் பையன் தட்டானைப் பிடித்து வாலில் நூலைக் கட்டிக்கொண்டு, "அம்மா, கல்லைத் தூக்குது பார்!" என்று ஓடி வருவான். அதட்ட வேண்டாம். அதட்டினால் பக்கத்து வீட்டு மாடிக்குப் போய் அதையே செய்வான். அது கொட்டாது, விஷமும் கிடையாது என்று முதலில் சொல்லுங்கள். பிறகு, "இத்தனை மாதம் சேற்றுக்குள் இருந்துவிட்டு, இப்போதுதான் சிறகு முளைத்து வெளியே வந்திருக்கிறது. இன்னும் சில வாரம்தான் அதற்கு ஆயுள். அதில் ஒரு நாளை உன் கல்லைத் தூக்கிக் கழிக்கச் சொல்கிறாயா?" என்று கேளுங்கள். பையன்கள் நாம் நினைப்பதைவிட நியாயம் தெரிந்தவர்கள். பெரும்பாலும் நூல் அவிழ்ந்துவிடும்.

நூலை வாங்கிக்கொண்டதற்கு ஈடாக அவனுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் அல்லவா? மறு நாள் விடியற்காலையில் பக்கத்துக் குளத்துக்கோ ஏரிக்கோ அழைத்துப் போங்கள். தண்ணீர் ஓரத்துத் தண்டுகளில், முதுகு பிளந்த வெறும் சட்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை எடுத்துத் தீப்பெட்டியில் வைத்துக்கொள்ளட்டும். யாருக்கும் நஷ்டம் இல்லை. அதிர்ஷ்டம் இருந்தால், சிறகு விரிந்துகொண்டிருக்கிற தட்டான் ஒன்றையே பார்க்கலாம். டிக்கெட் கிடையாது, இடைவேளை கிடையாது. ஆனால் வெயில் ஏறினால் ஆட்டம் முடிந்துவிடும். அதனால் காப்பியைத் திரும்பி வந்து சாப்பிட்டுக்கொள்ளலாம்.